68,500 ரூபாய் கட்டினேன், மேடையே ஏறவில்லை: பிள்ளைகளை மியூசிகல் தியேட்டர் வகுப்பில் சேர்க்கும் முன் இதைப் படியுங்கள்

நேற்று இரவு பத்தே முக்காலுக்கு என்னை அந்த வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். நான் கடைசியாகக் கேட்டது ஒரே கேள்விதான்: "ரீஃபண்ட் எந்தத் தேதியில் வரும் சார்?" அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கும் வேலை நடக்கிறது, அதுவரை பெயர் வேண்டாம் என்று என் தம்பி சொல்லியிருக்கிறான். தென்சென்னையில், ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மாடியில் நடந்த கோடைப் பயிற்சி அது. 8 வயது முதல் 17 வயது வரை பாட்டு, நடிப்பு, நடனம் மூன்றையும் சேர்த்துச் சொல்லித்தந்து, கடைசியில் ஒரு முழு ஆங்கில இசை நாடகத்தை மேடையேற்றுவார்களாம். பத்து வாரம், வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் 30 வகுப்பு. ஜூலை முதல் வாரம் எழும்பூர் மியூசியம் தியேட்டரில் நாடகம். அங்கே நான் கல்லூரிக் காலத்தில் நாடகம் பார்த்திருக்கிறேன். அந்தப் பழைய சிவப்புக் கட்டடத்தில் என் பையன் நின்று பாடுவான் என்று நினைத்ததுமே பாதி விழுந்துவிட்டேன்.

மீதிப் பாதி விழுந்தது டெமோ வகுப்பில். அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. காய்கறிக்கடையில் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவள்.

பையனுக்கு 13 வயது. ஆறு மாதமாக மகரக்கட்டு, அதாவது பருவ வயதில் குரல் உடைவது, நடந்துகொண்டிருக்கிறது. ஏழு வயதிலிருந்து பாட்டு கற்றவன், குரல் பிசிறத் தொடங்கியதும் வகுப்பையே விட்டுவிட்டான். போனில் ஹலோ சொல்லக்கூடக் கூச்சம். டெமோவில் எல்லோரையும் இரண்டு வரி பாடச் சொன்னார்கள். இவன் முறை வந்ததும் நடுவில் குரல் கிறீச்சிட்டது, பின்னால் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். வகுப்பை எடுத்த இயக்குநர் கையைக் காட்டி அவர்களை அடக்கினார். இவனைக் கீபோர்டு பக்கத்தில் உட்காரவைத்து, நாலு கட்டை ஸ்ருதியில் தொடங்கி ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தார். ஒன்றரைக் கட்டையில் நிறுத்தி, "இப்ப உன் குரல் உக்கார்ற இடம் இதுதான். உனக்குத் தகுந்த ஸ்ருதிக்குப் பாட்டை நான் மாத்தித் தர்றேன், பயப்படாதே" என்றார். பையன் பாடினான். ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு பாட்டை முழுசாகப் பாடினான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்திருக்க வேண்டிய நேரம் அது. அங்கேயே நின்று ஜிபேயில் 45,000 ரூபாய் அனுப்பினேன். பணம் போனது நிறுவனத்தின் கணக்குக்குக் கூட இல்லை, ஒரு தனிநபரின் பெயருக்கு. "மேடம், கம்பெனி அக்கவுண்ட்ல சின்ன பிராப்ளம்" என்றார்கள். சரி என்றேன். இரண்டாவது வாரம் காஸ்ட்யூம் என்று 9,500. மூன்றாவது வாரம் "ரைட்ஸும் ஆடிட்டோரியமும்" என்று 14,000. ஆகமொத்தம் 68,500 ரூபாய். ரசீது என்று வந்தது வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம்.

முதல் மூன்று வாரம் குறை சொல்ல முடியாது. பையன் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று ஆடிக் காட்டுவான். நாலாவது வாரம் குரல் பயிற்சி ஆசிரியை வரவில்லை. "பர்சனல் எமர்ஜென்சி" என்றார்கள். சம்பளம் வராமல்தான் நின்றுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. இயக்குநர் அதற்கு முன்பே கண்ணில் படுவது நின்றிருந்தது, புதிதாக ஒரு கல்லூரிப் பையன் வந்து யூடியூபில் கரோக்கி போட்டுப் பாடவைத்தான். 42 பிள்ளைகள், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். ஸ்ருதியை மாற்றுவது எல்லாம் போன இடம் தெரியவில்லை. என் பையனுக்கு எட்டாத மேல் ஸ்தாயியில் ட்ராக் ஓட, "சத்தமா, இன்னும் சத்தமா" என்று கத்தவிட்டிருக்கிறான். இரண்டு நாள் தொண்டை கட்டி, வெந்நீரும் மிளகுப்பாலுமாகக் கிடந்தான். காது மூக்கு தொண்டை டாக்டர், உடைகிற குரலை இப்படி வதைக்கக்கூடாது என்று என்னைத்தான் திட்டினார். அடுத்த வகுப்பில் அவனுக்குக் கிடைத்த தீர்வு: "நீ வாயை மட்டும் அசை."

எந்த வாக்கை நம்பி நான் பணம் கட்டினேனோ அதே இடத்தில் அடித்தார்கள். அதனால்தான் இவ்வளவு கோபம்.

மாமனாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிய கதை எல்லாம் அவருக்கு அத்துப்படி. "அந்த பாய்ஸ் கம்பெனியில பசங்களுக்குச் சோறு போட்டு, சம்பளமும் குடுத்துப் பாட்டுச் சொல்லிக்குடுத்தாங்கம்மா. நீ காசைக் குடுத்து உன் புள்ளைய ஊமையா நிக்க வெச்சிருக்கே." அந்தக் கம்பெனிகளில் அடி உதையும் இருந்தது என்பதை மட்டும் அவர் வசதியாக மறந்துவிடுவார். ஆனாலும் சுருக்கென்றுதான் இருந்தது.

இப்போது அந்த 14,000 ரூபாய் விஷயம். ஜூன் கடைசியில், "நியூயார்க்கிலிருந்து ரைட்ஸ் வரவில்லை, ஷோ தள்ளிப்போகிறது" என்று மெசேஜ். அதுவரை ரைட்ஸ் என்றால் என்ன என்றே நான் யோசித்ததில்லை. இன்னொரு குழந்தையின் அப்பா தேடிப் படித்துச் சொன்னார். நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்களை உரிமம் வாங்காமல் மேடையேற்ற முடியாது. மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் என்ற உரிம நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே 'பிராட்வே ஜூனியர்' என்று ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிய வடிவங்களைத் தருகிறது. பாடல்கள் சின்னக் குரல்களுக்கு ஏற்ற ஸ்ருதியில் இருக்கும். நடிக்கிறவர்களுக்கு ஸ்கிரிப்ட் புத்தகம், ஒத்திகைக்கான பின்னணி இசை, இயக்குநருக்கான கையேடு எல்லாம் உரிமத்தோடு சேர்ந்தே வரும். அதாவது ஒத்திகை தொடங்கும்போதே அதெல்லாம் கையில் இருந்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளிடம் இருந்தது என்ன தெரியுமா? அந்த நாடகத்தின் சினிமாவைப் பார்த்து யாரோ டைப் செய்த, எழுத்துப் பிழையோடு இருந்த பதினோரு பக்க ஜெராக்ஸ். விண்ணப்பமே போகவில்லை என்பது என் சந்தேகம். விண்ணப்பித்த மெயிலைக் காட்டுங்கள் என்று மூன்று முறை கேட்டோம், காட்டவில்லை. மியூசியம் தியேட்டர் முன்பதிவு ரசீதைக் கேட்டோம், அதுவும் வரவில்லை.

முப்பதில் நடந்தது 13 வகுப்பு. காஸ்ட்யூம் இன்றுவரை வரவில்லை. அளவு எடுத்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "சார் ரிகர்சல்ல இருக்கார்." வகுப்பே நடக்காதபோது என்ன ரிகர்சல்? அப்புறம் "ஆடிட்டர் பார்த்துட்டு இருக்கார், திங்கட்கிழமை சொல்றோம் மேடம்." நாலு திங்கட்கிழமை போனது. ஒருநாள் நேரில் போனேன். வரவேற்பில் இருந்த பெண், பாவம், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம், எனக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். இயக்குநர் பின்பக்கப் படியில் இறங்கிப் போனது ஜன்னலில் தெரிந்தது. அடுத்து ஒரு ஆஃபர்: அந்த 68,500 ரூபாயை அடுத்த கோடை வகுப்புக்கு "அட்ஜஸ்ட்" செய்துகொள்வார்களாம், நான் மேற்கொண்டு 6,000 மட்டும் கட்டினால் போதுமாம்! கடைசியாக வந்த பதில்தான் உச்சம்: "குழந்தையின் கலை ஆர்வத்தைப் பணத்தால் அளக்காதீர்கள் சிஸ்டர்." நான் அளக்கவில்லை சார், 45,000, 9,500, 14,000 என்று அளந்து வாங்கியது நீங்கள்தான்.

சான்றிதழ் விஷயத்திலும் ஒரு வார்த்தை. 'லண்டன் சர்டிபிகேட்' என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். இசை, நாடகத் தேர்வு நடத்தும் டிரினிட்டி காலேஜ் லண்டன் போன்றவற்றின் கிரேடு தேர்வு என்றால் தேர்வாளர் மதிப்பிட்டு மதிப்பெண் வரும். இங்கே யாரும் எந்தத் தேர்வுக்கும் பதிவே செய்யவில்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கை நடுங்குகிறது. அவசரத்துக்கு இவ்வளவுதான். தனிநபர் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். பில் கேளுங்கள், பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். உரிமக் கடிதத்தையும் அரங்க ரசீதையும் பார்க்காமல் 'ரைட்ஸ்' என்று ஒரு பைசா கொடுக்காதீர்கள். டெமோ எடுப்பவரே தினமும் வருவாரா என்று எழுதி வாங்குங்கள். குரல் உடையும் வயதுப் பையன் என்றால் கரோக்கி வகுப்புப் பக்கமே போகாதீர்கள். ஏமாந்துவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியுங்கள். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். நான் 1915 எண்ணில் பதிந்துவிட்டேன், நாலு பெற்றோர் சேர்ந்து ஆணையத்துக்குப் போகிறோம். அதே குரூப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

பையன் எழுந்துவிட்டான், பல் தேய்க்கிற சத்தம் கேட்கிறது. அவன் முன்னால் இதைப் பேசுவதில்லை. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.