டேஷ்கேமுக்கு பியூஸ் பாக்ஸிலிருந்து மின்சாரம்: இரண்டு கோடைக்குப் பிறகு

தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் இறக்கத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பின்னால் வருகிற லாரிக்கு பிரேக் பிடிக்க வேண்டுமே என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் எல்லோரும் இறங்குகிறோம். அதனால்தான் முன்னும் பின்னும் பதிவு செய்கிற டேஷ்கேம் மாட்டினேன். கேமராவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் வேலை முடிந்தது என்பார்கள். ஆனால் போன் சார்ஜருக்கு வேறு இடம் கிடையாது. மேடு பள்ளத்தில் செருகி தளர்ந்தால் கேமரா அணைந்து எரியும். ஒயர் வேறு கியருக்குக் குறுக்கே தொங்கும். சரி, நேராக இணைத்துவிடலாம் என்று ஒரு கடையில் கேட்டேன். "மியூசிக் சிஸ்டம் ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுத்திட்டா போதும்ண்ணே" என்றார்கள். அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

எந்த ஒயரையும் வெட்டாமல் செய்ய பியூஸ் டேப் (fuse tap) இருக்கிறது; ஒட்டுகிற டேப் இல்லை, ஒரு பியூஸ் இடத்தில் இரண்டு பியூஸ் போட்டு இன்னொரு ஒயர் எடுக்க உதவுகிற செருகி. சாவியை ஆக்ஸசரி நிலைக்குத் திருப்பினால் உயிர் வந்து, எடுத்தால் போகிற ஒரு பியூஸைக் கண்டுபிடித்து, அதைக் கழற்றி, டேப்பில் அதே பியூஸையும் கேமராவுக்கென்று 2 அல்லது 3 ஆம்பியர் பியூஸையும் போட்டு, பழைய இடத்திலேயே செருக வேண்டும். இரண்டு பியூஸுக்கும் பொதுவான கால், மின்சாரம் வருகிற பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் கேமரா எரியும்தான். ஆனால் அதன் சுமையும் பழைய பியூஸ் வழியாகவே போகும். மின்சாரம் இருக்கிற இடத்தில் தொட்டால் எரிகிற டெஸ்ட் லேம்ப் இருந்தால் எந்தப் பக்கம் என்பது உடனே தெரிந்துவிடும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சில லைன்களில் கொஞ்ச நேரம் மின்சாரம் நிற்கும். அதனால் வண்டியைப் பூட்டி, காத்திருந்து அளப்பது நல்லது. ஏர்பேக், ஏபிஎஸ் பியூஸ்களின் பக்கமே போகாதீர்கள். முன் கண்ணாடி ஓரத் தூணில் ஏர்பேக் இருக்கிற வண்டியில், ஒயர் அதற்குப் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் போனால் ஏர்பேக் விரிகிற வழியில் அது குறுக்கே நிற்கும். எர்த்தை பெயின்ட் இல்லாத, பாடியில் நேராக முடுக்கிய போல்ட்டில் கொடுக்க வேண்டும்.

கேமராவை இப்படி இணைக்க விற்கிற ஒயர் கிட்டில் மூன்று ஒயர் வரும்: ஆக்ஸசரி, நிரந்தர பேட்டரி லைன், எர்த். நிரந்தர லைன், பார்க்கிங் பதிவுக்காக, அதாவது வண்டியை அணைத்து நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்வதற்காக. அதை நான் பயன்படுத்தவில்லை. கணக்கு எளிது. 12 வோல்ட்டில் கால் ஆம்பியர் இழுக்கிற கேமரா ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி தின்னும். சின்ன கார் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. இரண்டு நாள் வண்டியை எடுக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்கு காலி. கிட்டில் குறைந்த வோல்ட்டேஜில் நிறுத்துகிற வசதி உண்டு என்பது உண்மைதான். ஆனால் முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டுகிற பேட்டரி 12.2-க்கு வரும்போதே ஏறக்குறைய பாதி தீர்ந்திருக்கும். கேமராவை 11.8-ல் நிறுத்துகிற மாதிரி வைத்தால், அந்த நேரத்தில் ஸ்டார்ட்டர் சுற்றுமா என்பது சந்தேகம். பார்க்கிங் பதிவு தேவைப்படுகிறவர்கள் 12.2-ல் வைத்துக்கொள்ளலாம். வீட்டு வாசலில் கேட்டுக்குள் நிற்கிற வண்டிக்கு எதற்கு அது?

இதுவரை பியூஸ் ஒன்றும் போகவில்லை, காலையில் வண்டி முரண்டு பிடித்ததும் இல்லை. ஸ்டார்ட் செய்கிற நொடியில் கேமரா அணைந்து மறுபடி எரிகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆக்ஸசரி லைன் துண்டிக்கப்படுவதால் அப்படி. பழுது இல்லை.

வெயில்தான் சோதித்தது. மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டிப் பக்கம் பகல் முழுக்க வண்டி வெட்டவெளியில் நிற்கும். உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த கேமராவாக இருந்தால் அந்தச் சூட்டில் உப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பேட்டரிக்குப் பதிலாகக் கொஞ்சம் மின்சாரம் சேமித்து வைக்கிற சூப்பர் கெபாசிட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்கியதால் அந்தத் தொல்லை இல்லை. கண்ணாடியில் ஒட்டுகிற பட்டை மட்டும் முதல் கோடையிலேயே விட்டுவிட்டது. மாற்றி ஒட்டினேன், அது இன்னும் நிற்கிறது. மெமரி கார்டு மட்டும் தொடர் பதிவுக்கென்று விற்கிறதையே வாங்குங்கள். சாதாரண கார்டு இந்த ஓயாத எழுத்தைத் தாங்காது.