லைட் பார்: தோளுக்கு நிம்மதி, 24-ல் தலைவலி

ரிப்பேருக்குப் போயிருந்த லைட் பார் திரும்பி வந்துவிட்டது. மனக்காயத்துக்கான இஎம்டிஆர் சிகிச்சையில், கொடுமையான நினைவை ஏந்திக்கொண்டே கண்ணால் துரத்துவதற்காக வெளிச்சம் இடமும் வலமும் ஓடும் நீளமான கருவி அது. சார்ஜர் குத்தும் இடம் ஆட்டம் கண்டிருந்தது, வேறொன்றுமில்லை. அதே சமயத்தில், தெரப்பிஸ்டாகப் புதிதாக பிராக்டிஸ் தொடங்கும் தோழி ஒருவர் "விலை இறங்கியிருக்கே, வாங்கிடலாமா?" என்று கேட்டார். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல வாய் வரவில்லை. இஎம்டிஆர் பயிற்சி முடித்தவர்களுக்கு எட்டுக் கட்டங்களையும் இங்கே பாடமாக நடத்தப் போவதில்லை. இந்தக் கருவி எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பது மட்டும்தான் விஷயம்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பார் இல்லாமல் விரலை ஆட்டிச் செய்யும் தெரப்பிஸ்டுக்கு முதலில் போவது தோள்பட்டை. க்ளையன்ட்டின் முகத்திலிருந்து 30–35 செ.மீ. தள்ளி இரண்டு விரலை நிமிர்த்திப் பிடித்து, நொடிக்கு ஒருமுறை போய்வர வேண்டும். நிறுத்தாமல் ஓட்டும் ஒரு செட்டுக்கு ஏறக்குறைய 24 முறை. அமர்வு 60 முதல் 90 நிமிடம். மதியத்துக்கு மேல் வருகிறவருக்குக் களைத்த கைதான் கிடைக்கும். வேகம் குறையும், வீச்சு சுருங்கும், விரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். பாருக்கு அந்தச் சோர்வு கிடையாது. கடைசி செட்டும் முதல் செட்டின் வேகத்திலேயே ஓடும்.

இன்னொரு நன்மை இதைவிடப் பெரியது. கன்னத்தில் அறை வாங்கி வளர்ந்தவர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் முகத்துக்கு எதிரே ஆடும் அந்நியக் கையே பழைய பயத்தைக் கிளப்பிவிடும். பார் ஸ்டாண்டில் நிற்கிறது, நீங்கள் பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த இடைவெளி கிடைத்த பிறகுதான் சிலரால் மூச்சு விட்டு வேலைக்குள் இறங்கவே முடிகிறது. இதற்காக மட்டுமே கூட வாங்கலாம் என்று தோன்றும் நாட்கள் உண்டு.

ஆனால் கண்ணை எதற்காக ஓட விடுகிறோம் என்பதை மறந்தால் இந்தக் கருவி வெறும் அலங்கார விளக்கு. இந்த முறையை உருவாக்கிய ஃப்ரான்சின் ஷபிரோ 1987-ல் கவனித்து 1989-ல் ஆய்வாக வெளியிட்ட நாளிலிருந்து இதில் சண்டை ஓயவில்லை. கண் அசைவால் கூடுதல் பலன் இல்லை என்று 2001-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. உண்டு, மிதமான அளவில் உண்டு என்று 2013-ல் இன்னொன்று வந்தது. இன்று அதிகம் ஆதாரம் சேர்ந்திருக்கும் விளக்கம் எளிமையானது. மனம் ஒரே சமயத்தில் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடியது கொஞ்சம்தான். கொடுமையான காட்சியை நினைவில் ஏந்திக்கொண்டே நகரும் ஒன்றைக் கண்ணால் துரத்தினால், காட்சிக்குக் கிடைக்கும் இடம் குறைகிறது. நிறம் மங்குகிறது, சத்தம் தணிகிறது, அடிவயிற்றுப் பிடிப்பு தளர்கிறது. அப்படி மங்கிய வடிவத்திலேயே அது திரும்பிப் போய்ப் பதிகிறது. ஆகவே கண்ணுக்கு வேலை கொஞ்சம் கடினமாகவே இருக்க வேண்டும். தாலாட்டு மாதிரி இதமாக ஓடும் வெளிச்சம் ஓய்வு தரும், சிகிச்சை தராது.

இதமாக ஓடுகிறதா, வேலை வாங்குகிறதா என்பது பெரும்பாலும் தூரத்தைப் பொறுத்தது. 60 செ.மீ. நீள பாரை 60 செ.மீ. தூரத்தில் வைத்தால் கண் ஏறக்குறைய 53 டிகிரி ஓடும். அறை விசாலமாக இருக்கிறதே என்று 120 செ.மீ. தள்ளி வைத்தால் அது 28 டிகிரியாகச் சுருங்கிவிடும். "இவருக்கு பார் ஒத்துவரலை" என்று கேள்விப்பட்டால், முதலில் டேப்பை எடுத்து மூக்கிலிருந்து பார் வரை அளந்து பாருங்கள். ரொம்பக் கிட்டே வைத்தாலும் தொல்லைதான். கண்ணுக்குப் பதில் தலை திரும்பும், கருவிழி நடுவிலேயே நிற்கும். "தலை அசையாம, கண்ணு மட்டும்" என்று இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும். அப்படியும் திரும்பினால் பத்து செ.மீ. பின்னால் தள்ளுங்கள்.

பாரின் நடு, கண்ணுக்கு நேர் மட்டத்தில் இருக்க வேண்டும். அமுங்கும் சோஃபாவில் உட்காரவைத்தால் இது கெட்டுப்போகும், அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். எதிர்ச் சுவரின் ட்யூப் லைட் க்ளையன்ட்டின் மூக்குக் கண்ணாடியில் பட்டால் இரண்டு வெளிச்சம் ஓடுவது போலத் தெரியும், அதை அணைத்துவிடுங்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸாக வரும் புரோகிரசிவ் கண்ணாடிக்காரர்கள் ஓரத்தில் மங்கலாகத்தான் பார்ப்பார்கள். கழற்றியும் வெளிச்சம் தெரிகிறது என்றால் கழற்றச் சொல்லுங்கள். கான்டாக்ட் லென்ஸ் காய்ந்து உறுத்தும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கண் வலிக்கிறது என்று சொன்ன மறுகணமே நிறுத்துவது விதி. அண்மையில் கண் அறுவை சிகிச்சை, விழித்திரைக் கோளாறு, வலிப்பு நோய் இருப்பவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் பாரை ஆன் செய்யவே கூடாது.

இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

செட் எண்ணிக்கை 24 என்று வைத்தால், 24-ல் பார் நிற்கும். ஒரு பீப் சத்தமும் போடும். எதிரில் இருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. பதினைந்தாவது ஓட்டத்தில் தாடை இறுகும். பதினெட்டில் கண் வெளிச்சத்தை விட்டு விலகித் தத்தித் தத்தி ஓடும். இருபதில் உதடு நடுங்கி அழுகை வெடிக்கும். அலை உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும் அந்த இடத்தில், பீப். வெளிச்சம் அணைகிறது. அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதைப் போல உங்களைப் பார்க்கிறார். அழுகை வரும்போது நிறுத்தக்கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்கிறார்கள். அலை ஏறி இறங்கும் வரை கூடவே போக வேண்டும், "விடாதீங்க, இது பழசு, பார்த்துட்டே வாங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். பாதியில் விட்டால் அந்தக் காட்சி இன்னும் தாங்க முடியாதது என்பதைத்தான் மனம் கற்றுக்கொள்ளும்.

நியாயமாகப் பேசினால் கருவியின் மேல் பழி போட முடியாது. 24 என்பது தொடக்கத்துக்கான கணக்கு, முகத்தைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்றுதான் முறையே சொல்கிறது. தொடர் ஓட்டம் என்று ஒரு அமைப்பும் உண்டு. அதைப் போட்டால் ரிமோட் எப்போதும் கையிலேயே இருக்க வேண்டும். பட்டனை அழுத்தியபின் நிற்க ஒரு நொடி, ஒன்றரை நொடி எடுக்கிறது. கண்ணீர் நின்று தோள் இறங்கும் நேரத்தில் உங்கள் கண் ரிமோட்டில் பட்டனைத் தேடுகிறது. விரலாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மூச்சு இறங்கியதும் கை தானாக நிற்கும். இரண்டு செட் போயும் எதுவும் மாறாமல் எஸ்யூடி (வேதனைக்கு க்ளையன்ட் 0 முதல் 10 வரை தரும் மதிப்பெண்) 4-லேயே உட்கார்ந்துவிட்டால், அடுத்த செட்டை மூலைவாட்டில் ஓட்டலாம், வேகத்தை மாற்றலாம். பாரை மூலைவாட்டில் சாய்க்க ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, சாய்த்து, மறுபடி இறுக்க வேண்டும். நடு அமர்வில் ஸ்க்ரூ வேலை!

இன்னொரு துன்பம்: ஆன் செய்ததும் கடைசியாக வைத்த வேகத்திலேயே தொடங்குகிறது. மனதுக்கு இதமான ஓர் இடத்தை நினைக்கவைக்கும் 'அமைதியான இடம்' பயிற்சிக்கு மெதுவாக, நாலு முதல் ஆறு ஓட்டம் போதும். காலையில் வேலை முடித்த வேகம் அப்படியே இருந்தால், கடற்கரையை நினைத்துக்கொண்டிருப்பவருக்குப் பழைய காட்சி பிய்த்துக்கொண்டு வந்துவிடும். க்ளையன்ட் உள்ளே வருவதற்கு முன்பே ஒரு தடவை ஓடவிட்டுச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெட்டியோடு வரும், கையில் பிடித்தால் மாறி மாறி அதிரும் குமிழ்களையும் ஹெட்போனையும் பற்றிச் சுருக்கமாக. காதில் மாறி மாறி ஒலிக்கும் சத்தம், கண் அசைவைவிடப் பலன் குறைவு என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் மார்செல் வான் டென் ஹௌட் குழுவினர் 2012-லேயே எழுதிவிட்டார்கள். க்ளையன்ட்டுகள் அதைத்தான் விரும்பிக் கேட்பார்கள், ஏனென்றால் சுகமாக இருக்கும். குமிழின் ஒயர், குமிழோடு சேரும் கழுத்துப் பகுதியில்தான் அறுந்துபோகும். பதற்றத்தில் இறுக்கி முறுக்குவார்கள். அங்கே சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஒரு ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டிவைத்தால் நாள்பட வரும். ஆனால் கண்ணை மூடிக்கொள்ளலாமே என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். கண் மூடியவர் மனதளவில் அறையைவிட்டே போய்விட்டாரா என்று உங்களுக்குத் தெரியாது. இந்த அறையில் ஒரு கால், பழைய நினைவில் ஒரு கால் என்பதுதான் இந்த முறையின் உயிர். பார்க்கவே முடியாதவர்களுக்கு, மருத்துவர் தடுத்தவர்களுக்கு குமிழ் வரம்தான். அதுவும் இல்லையென்றால் பட்டாம்பூச்சி அணைப்பு இருக்கிறது. கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்து மாறி மாறித் தட்டும் அந்த முறை, 'பாலின்' (Pauline) என்ற சூறாவளிக்குப் பிறகு மெக்சிகோவின் அகாபுல்கோவில் உருவானது. செலவு பூஜ்யம்.

ஆன்லைன் அமர்வுக்கு 15.6 அங்குல லேப்டாப் 60 செ.மீ. தூரத்தில் ஏறக்குறைய 32 டிகிரி தரும், சமாளிக்கலாம். பாருக்குப் பதில் திரையில் ஓடும் உருண்டை க்ளையன்ட்டின் கணினியிலேயே ஓட வேண்டும். உங்கள் திரையைப் பகிர்ந்தால் நெட் திணறும்போது அது குதித்துக் குதித்து ஓடும். செல்போன் வேண்டவே வேண்டாம். படுக்கையாகப் பிடித்தாலும் 20 டிகிரி சொச்சம்தான். வீடியோவில் உருண்டையைப் போட்டுத் தனியே பார்த்தால் ஆறிவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காயத்தைத் தொட்டுக் கண் ஓட்டுவது நாலாவது கட்டத்தில்தான் தொடங்குகிறது. யாரை எந்த நினைவிலிருந்து தொடங்க வைப்பது, தாங்கும் பலம் இருக்கிறதா, கிளம்பியதை எப்படி மூடி அனுப்புவது என்பதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தது அந்த முழு முறையை, உருண்டையை அல்ல.

தோழிக்கு என்ன சொன்னேன்? வாங்காதே என்றேன். மேலே இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது எனக்கே உறுத்துகிறது, ஆனாலும் அதுதான் பதில். முதல் வருஷம் விரலில் ஓட்டட்டும். முகத்தைப் படிக்கும் பழக்கம் கைக்குள் ஏறிய பிறகு பார் ஒரு துணை; அதற்கு முன்னால் வாங்கினால் பீப் சத்தம்தான் தெரப்பிஸ்ட், அவர் உதவியாளர். தோள் கெட்டுப்போய் வேறு வழியில்லை என்றால், அல்லது கையைக் கண்டாலே ஒடுங்குகிறவர்கள்தான் அதிகம் வருகிறார்கள் என்றால் வாங்கலாம். கடையில் கேட்க வேண்டியது மூன்று: எண்ணிக்கையை முழுசாக அணைக்க முடியுமா, பீப்பை அணைக்க முடியுமா, நிறுத்து பட்டன் தடவியே தெரிகிறதா. செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் இரண்டு முனையிலும் கடைசி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அது செத்துப்போன பாரில் கண் ஓரம் வரை போகாமலேயே திரும்பிவிடும்.