ஆண் குரலும் பெண் குரலும் ஒரே பாட்டா? இரட்டைக் கோப்புகளோடு ஆறு ஆண்டுகள்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது. ஒவ்வொரு பாட்டும் மூன்று, நான்கு முறை கிடக்கிறது. எந்த மென்பொருளை வாங்கலாம்?" ஒரு வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் 'வாங்கலாம்' என்ற சொல் என்னைச் சீண்டிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளால்தான், தேடினாலும் திரும்பக் கிடைக்காத ஒன்றை நான் இழந்தேன்.

அந்த மென்பொருளின் பெயர் வேண்டாம். பளபளப்பாக இருந்தது, வேகமாகவும் இருந்தது. பாட்டு, கலைஞர் போன்ற விவரங்களைக் கோப்புக்குள் எழுதி வைக்கும் குறிப்பான டேக்கைப் பார்த்து, பாட்டின் பெயரும் கலைஞர் பெயரும் ஒத்துப்போனால் ஒரே குழுவில் சேர்த்துவிடும். அதோடு நில்லாமல், குழுவில் பெரிய கோப்பு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் தானாகவே டிக் அடித்து வைக்கும். நாம் 'நீக்கு' பொத்தானை அழுத்தினால் போதும். இந்தத் தானியங்கி டிக் மீது எனக்கு உள்ள கோபம் இன்றுவரை தணியவில்லை.

நம் பாட்டுகளின் இயல்பு வேறு. ஒரே மெட்டை ஆண் குரலில் ஒருமுறை, பெண் குரலில் ஒருமுறை, படம் முடிகிற இடத்தில் சோகமாக ஒருமுறை என்று வைப்பார்கள். பாட்டின் முதலடி ஒன்றுதான், படமும் ஒன்றுதான். கலைஞர் என்ற இடத்தில் பாடியவரை விட்டுவிட்டு இசையமைப்பாளர் பெயரைப் போட்டு வைப்பதும் நம்மிடையே வெகு சாதாரணம். டேக்கை மட்டும் பார்க்கிற மென்பொருளுக்கு மூன்றும் ஒன்றே. கச்சேரிப் பதிவுகளின் கதி இன்னும் மோசம். ஒரே வித்வான், ஒரே கீர்த்தனை, வெவ்வேறு ஆண்டுகள். ஒன்றில் ஆலாபனை மூன்று நிமிடம், மற்றொன்றில் இருபது நிமிடம். கேட்கிறவனுக்கு அவை இரண்டு வேறு மாலைப்பொழுதுகள்.

என் பெரியப்பா வானொலியிலிருந்து கேசட்டில் பிடித்து வைத்த தோடி ராகப் பதிவு அப்படித்தான் போயிற்று. கடையில் வாங்கிய குறுந்தகட்டுப் பதிவு அளவில் பெரியது என்பதால் அது பிழைத்துக்கொண்டது. கோப்புகள் நெட்வொர்க் டிரைவில் இருந்ததால் கணினியின் ரீசைக்கிள் பின்னிலும் எதுவும் விழவில்லை. நேராக அழிந்தே போனது. கேசட் அதற்கு முன்பே பூஞ்சை பிடித்துவிட்டது.

அதன் பிறகு டூப்குருவுக்கு மாறினேன். திறமூல மென்பொருள், விலை இல்லை. இசைக்கென்று தனி முறை அதில் உண்டு. எந்தெந்த டேக்கை ஒப்பிட வேண்டும், எவ்வளவு கறாராக ஒப்பிட வேண்டும் என்று நாமே அமைக்கலாம். ஆனால் நான் அதைக் கொண்டாடுவதற்குக் காரணம் வேறு. ஒரு கோப்புறையை 'ரெஃபரன்ஸ்' என்று குறித்துவிட்டால், அதற்குள் இருக்கும் எந்தக் கோப்புக்கும் டிக் அடிக்கவே முடியாது. கேசட்டிலிருந்து எடுத்தவை அனைத்தையும் ஒரே கோப்புறையில் வைத்து அப்படிக் குறித்த அன்றுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இரண்டு கோப்புகளை பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டுவிட்டால் தவறே நேராதே என்று சிலர் சொல்வார்கள். தவறு நேராதுதான், ஆனால் பலனும் குறைவு. எம்பி3 கோப்பின் தலையிலோ வாலிலோதான் டேக் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கோப்பில் 'எம்.எஸ்.வி.' என்று புள்ளியோடும், இன்னொன்றில் புள்ளியில்லாமலும் இருந்தால் போதும், உள்ளே ஒலி அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும் அவை வேறு வேறு கோப்புகளாகிவிடும். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எத்தனை 'எல்', எத்தனை 'ஏ' என்பதற்கு என் சேமிப்பிலேயே ஐந்து விதம் இருக்கிறது.

அந்த இடத்தில் கைகொடுத்தது ச்காவ்கா (Czkawka) என்ற மென்பொருள். போலிஷ் மொழியில் விக்கல் என்று பொருளாம். இதுவும் இலவசம். டேக்குக்குப் பதில் ஒலியை ஒப்பிடும் முறையைத் தேர்ந்தால், இது ஒலியையே கேட்டு ஒப்பிடும். அடியில் இருப்பது குரோமாபிரிண்ட் என்ற நுட்பம்: பாட்டை 12 சுரத்தானங்களாகப் பிரித்து, நேரத்தோடு அவை எப்படி மாறுகின்றன என்பதைக் கைரேகை போல் எடுத்துக்கொள்கிறது. டேக் எப்படி இருந்தாலும் கவலையில்லை. 128 கேபிபிஎஸ்ஸில் (ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் என்ற கணக்கு) இருக்கும் பாட்டையும் 320-இல் இருக்கும் பாட்டையும் ஒன்றென்று கண்டுபிடித்துவிடும். ஆண் குரலையும் பெண் குரலையும் என்னிடம் ஒருமுறைகூடக் குழப்பியதில்லை. முதல் முறை அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

கேசட் பதிவுகளை மட்டும் அதனால் அடையாளம் காண முடிவதில்லை. பெரியப்பாவின் டேப் ரெக்கார்டர் சற்று வேகம் பிசகி ஓடும், சுருதி மாறிவிடும். சுருதி மாறினால் கைரேகையும் மாறிவிடும். குறை என்று சொல்ல வேண்டிய இதை நான் வரமாகவே எண்ணுகிறேன். அந்தப் பதிவுகள் எந்தக் குழுவிலும் சிக்குவதில்லை.

இரண்டில் எதை வைப்பது என்ற கேள்வியை மட்டும் எந்த மென்பொருளிடமும் விடாதீர்கள். பழைய 128 கோப்பை எடுத்து 320 ஆக மாற்றி உலவவிட்டவர்கள் ஏராளம். அளவு இரண்டரை மடங்கு, ஒலியில் எதுவும் கூடவில்லை. பெரியதை வைத்துச் சிறியதை நீக்கினால் அசலைத் தூக்கிப் போட்டு நகலைப் பூஜிப்பதாகும். ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற சிறு மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். 320 என்று சொல்லிக்கொள்ளும் கோப்பில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் அறுத்ததுபோல் இருட்டாக இருந்தால், பெரும்பாலும் அது ஊதிப் பெருக்கியதுதான்.

இத்தனை புகழ்ந்த பிறகு நண்பருக்கு நான் சொன்ன பதில்: எதையும் நிறுவ வேண்டாம், முதலில் ஒரு புது டிஸ்க் வாங்குங்கள். ஐந்து நிமிடப் பாட்டு 320-இல் 12 எம்பி. ஆயிரம் இரட்டைகளை நாள் கணக்கில் உட்கார்ந்து களைந்தாலும் மிச்சமாவது 12 ஜிபிதான். ஒரு டெராபைட்டில் அப்படிப்பட்ட பாட்டுகள் 80,000க்கு மேல் அடங்கும். எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து அலமாரியில் வைத்த பிறகு ச்காவ்காவைத் திறக்கட்டும்.

அவர் "மென்பொருளைக் கேட்டால் டிஸ்க் வாங்கச் சொல்கிறீர்களே" என்று சற்று வருத்தப்பட்டார். அவர் வீட்டிலும் அப்பா பிடித்த கேசட்டுகளிலிருந்து எடுத்த பதிவுகள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும்.