ஏழு வருடம் ஓடிய டபுள் டின் கார் ஸ்டீரியோவை விற்ற கதை

2018இல் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் 18,500 ரூபாய் கொடுத்து காரில் மாட்டிய டபுள் டின் (சாதாரண செட்டைவிட இரட்டை உயரம்) ஸ்டீரியோவைப் போன மாதம் 5,500 ரூபாய்க்கு விற்றேன். காரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறோம், வெளியில் வாங்கி மாட்டிய ஸ்டீரியோவுக்கு அங்கே தனியாக ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது, அதனால் அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருந்த, காரோடு வந்த கம்பெனி செட்டையே திரும்ப மாட்டிவிட்டேன்.

ஏழு இஞ்ச் டச் ஸ்கிரீன், கேபிள் போட்டால் போனின் மேப்பும் பாட்டும் திரையிலேயே வரும் ஆண்ட்ராய்டு ஆட்டோ. அல்சூரிலிருந்து தினமும் சில்க் போர்டு தாண்டிப் போய் வரும் எனக்கு, அந்த நெரிசலில் பெரிய துணையே இதுதான். பெட்டியில் 4x50 வாட் என்று போட்டிருக்கும். அது உச்ச அளவு மட்டுமே, தொடர்ந்து கிடைப்பது ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கர் ஜோடி வயருக்கு, 22 வாட் பக்கம். கதவு ஸ்பீக்கருக்கு அதுவே தாராளம். ஒரு தொல்லை மட்டும் ஆரம்பத்தில் இருந்தது. சாவியை எடுத்தால் ரேடியோ ஸ்டேஷன், சவுண்ட் செட்டிங் எல்லாம் அழிந்துவிடும். மாட்டியவர் மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் மாற்றிக் கொடுத்திருந்தார். மஞ்சளுக்கு எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும், சிவப்புக்குச் சாவி போட்டால்தான் வர வேண்டும். மாற்றியதும் சரியாகிவிட்டது.

மாட்டும்போது நான் பிடிவாதமாக இருந்தது ஒரே விஷயத்தில்: காரின் வயரை வெட்டக் கூடாது, கப்ளர் (செருகிக் கழற்றும் இணைப்பான்) போட்டுத்தான் இணைக்க வேண்டும். சில நூறு ரூபாய் கூடுதல் செலவுதான், ஆனால் இன்றைக்குக் கம்பெனி செட் ஐந்தே நிமிடத்தில் உட்கார்ந்ததும், ஸ்டீரியோவை முழு வயரோடு கொடுக்க முடிந்ததும் அதனால்தான். வயர் இல்லாத செட்டுக்கு யாரும் நல்ல விலை சொல்வதில்லை, அது நியாயமும்கூட.

ஆன்லைனில் விளம்பரம் போட்டதும் முதலில் வந்த ஆள், பார்க்காமலே விலைக்கு ஒத்துக்கொண்டு, பணம் அனுப்புகிறேன், க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்றார். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம். பின் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். உடனே பிளாக் செய்தேன். பழைய சாமான் கடையில் 2,000தான் கேட்டார்கள்.

கடைசியில் வாங்கியவர் ஓசூரிலிருந்து வந்த ஒரு டாக்ஸி டிரைவர். "அண்ணா, ஓடவிட்டுக் காட்டுங்க, அப்புறம் விலை பேசலாம்" என்றார். வீட்டிலேயே தயாராக வைத்திருந்தேன்: 12 வோல்ட் பைக் பேட்டரி, மஞ்சளும் சிவப்பும் ஃபியூஸ் வழியாகப் பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில், ஸ்பீக்கருக்கான நான்கு ஜோடி வயர்களில் வெள்ளை ஜோடியில் ஒரு ஸ்பீக்கர். ஸ்பீக்கர் வயர் மட்டும் எக்காரணம் கொண்டும் மைனஸில் படக் கூடாது, உள்ளே இருக்கும் ஆம்ப் ஐசி (ஒலியைப் பெருக்கும் சிப்) போய்விடும். நான்கு ஜோடியையும் மாற்றி மாற்றிப் போட்டு, ரேடியோ, யுஎஸ்பி, புளூடூத் எல்லாம் பார்த்தார். என் போன்புக் போக வேண்டும் என்று முன்பே ஃபேக்டரி ரீசெட் செய்திருந்தேன்.

"மைக் எங்கண்ணா?" என்றார். போன் பேசுவதற்கான அந்த மைக் காரின் முன் கண்ணாடி ஓரத் தூணுக்குள்ளேயே இருந்தது, எடுக்க மறந்தே போயிருந்தேன். இருவரும் கீழே போய் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, அவர் இழுக்க நான் வயரைத் தள்ளிவிட, கால் மணி நேரம் ஆனது. 6,000 சொல்லியிருந்தேன், 5,500க்கு முடித்தோம்.