வெளுத்ததெல்லாம் சுண்ணாம்பு அல்ல: பழைய செங்கற்சுவர் வைத்திருப்போர் கவனத்திற்கு

நாகர்கோவில் கோட்டாற்றில், திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில் என் தாத்தா சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீட்டின் மேற்குச் சுவருக்குப் பூச்சு கிடையாது. அதன் செங்கற்களுக்கு இடையிலிருந்த காரை விரல் நுழையுமளவுக்கு உதிர்ந்துவிட்டதால், ஆனி மாதச் சாரல் தொடங்குவதற்குள் நானே அடைத்துவிடலாம் என்று கடந்த ஏப்ரலில் இறங்கினேன். உளியும் சிறு சுத்தியலும் கொண்டு, இடுக்கின் அகலத்தைப் போல் இருமடங்கு ஆழத்துக்குப் பழைய காரையைச் சுரண்டியெடுத்து, தூசியைத் துடைத்து, தண்ணீர் தெளித்து ஊறவிட்ட பிறகே புதுக் கலவையைத் திணித்தேன். வேலையில் குறையில்லை, கெட்டது பொருள்.

சுண்ணாம்பும் மணலும் கலந்த தயார்க் கலவை என்று சொல்லி, அச்சு எதுவுமில்லாத 25 கிலோ மூட்டைகள் நான்கை, நீற்றுச் சுண்ணாம்பின் விலையைப் போல் மூன்று மடங்குக்குக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் விற்றார். "நாளைக்கே கல்லு மாதிரி இறுகிரும் சார்" என்று அவர் சொன்னபோதே நான் விழித்திருக்க வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வாரக்கணக்கில் மெல்ல இறுகுவதே கொழுஞ்சுண்ணாம்பு எனப்படும் தூய சுண்ணாம்பு.

மழை ஓய்ந்து வெயில் அடித்ததும், அடைத்த இடுக்குகள் அசையாமல் நிற்க, செங்கற்களின் முகம் மட்டும் வெள்ளை உப்புப் பூத்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. பக்கத்துத் தெருவின் வயதான கொத்தனார் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "மக்களே, இது வெள்ளை சிமெண்டாக்கும்" என்றார். பழைய மென்மையான செங்கல்லைவிட இடுக்கு கடினமாகவும் ஈரம் புகாததாகவும் இருந்தால், காரை வழியே வெளியேற வேண்டிய ஈரம் செங்கல் வழியே வெளியேறுகிறது. உடன் வரும் உப்பு மேற்பரப்புக்கு அடியிலேயே படிகமாகி முகத்தைப் பிளக்கிறது. கடற்காற்று வீசும் நம் மாவட்டத்தில் உப்புக்குப் பஞ்சமா?

மீதமிருந்த அரை மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடியைக் களிபோல் குழைத்து, கிண்ணத்தில் தண்ணீருக்கடியில் வைத்துப் பார்த்தேன். கொழுஞ்சுண்ணாம்பு அப்படியே பல நாள் மென்மையாகக் கிடந்திருக்கும். இது மறுநாள் காலையில் கல்லாகிவிட்டது. இந்தச் சோதனையை வாங்கிய அன்றே செய்யாதது என் தவறு. மூட்டையில் கட்டடச் சுண்ணாம்புக்கான ஐ.எஸ். 712 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. வெள்ளை சிமெண்டுக்குரிய எண் ஐ.எஸ். 8042.

திரும்பக் கொண்டுபோனபோது, சுண்ணாம்பு என்று தான் சொல்லவேயில்லை என்று கடைக்காரர் சாதித்தார். பில்லில் "பவுடர், 4 மூட்டை" என்று மட்டுமே இருந்தது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட 2 ஆண்டுகள் அவகாசமும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டண விலக்கும் உண்டு என்றாலும், பொருளின் பெயரில்லாத பில்லை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? பொருளின் பெயரைப் பில்லில் எழுதித் தராத கடையில் தயவுசெய்து வாங்காதீர்கள்.

இப்போது அந்தச் சிமெண்டை உளியால் கொத்தியெடுத்து வருகிறேன். செங்கல்லின் விளிம்பும் கூடவே பெயர்ந்து வருவதால், ஒரு நாளில் இரண்டு வரிசைக்கு மேல் முடிவதில்லை.