காற்றழுத்தக் கால் இயந்திரம்: வீக்கத்துக்கு வாங்கலாம், ‘தந்துகி திறக்க’ வேண்டாம்

சென்னை பழைய ஜெயில் ரோடு பக்கத்தில் உள்ள மருத்துவக் கருவிக் கடை ஒன்றில், காலை உறைபோலச் சுற்றிக்கொண்டு காற்றால் அழுத்திவிடும் இயந்திரம் ஒன்றை எட்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் வாங்கி, சில மாதங்களாக வீட்டில் பயன்படுத்தி வருகிறோம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கும் என் அக்காவுக்காக வாங்கியது. மாலை நேரக் கால் வீக்கத்துக்கு இது நல்ல பொருள். ஆனால் அட்டைப்பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் பெருமைகளில் பெரும்பகுதியை நம்பி வாங்கத் தேவையில்லை. உடலியங்கியல் பாடம் நடத்துவது என் தொழில் என்பதால், அந்தப் பெருமைகளைச் சற்று விரிவாகவே பார்க்கிறேன்.

ஒவ்வொரு காலுறைக்கும் நான்கு காற்றறைகள் உள்ளன. கணுக்காலில் உள்ள அறை முதலில் உப்புகிறது. பிறகு கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று அழுத்தம் மேலேறி, ஒரு பெருமூச்சுபோல் முழுவதும் தளர்ந்து, மீண்டும் கீழிருந்து தொடங்குகிறது. மூன்று அழுத்த நிலைகள் இருந்தாலும் நடுநிலையே போதுமானது. உறையின் உட்பக்கம் ரெக்சின் என்பதால் நம் ஊர்ப் புழுக்கத்தில் கால் வேர்த்துப் பிசுபிசுக்கிறது. பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு அதன்மேல் போடுவதே வசதி. ஒட்டுப்பட்டை புடவைக் கரையைப் பிடித்து நூலை இழுத்துவிடுகிறது. பலனுக்கு ஒரு சான்று சொல்வதானால், அக்கா வேலை முடிந்து வரும்போது கணுக்காலில் கொலுசு பதிந்த தடம் பள்ளமாகத் தெரியும். இயந்திரத்தை அரைமணி நேரம் போட்டு எடுத்த பிறகு கொலுசு தளர்ந்து சுழல்கிறது.

இதற்கான காரணம் எளிது. அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் உள்ள சிரைகளில், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில், அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஏறுகிறது. அந்த அழுத்தம் தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் வரை பின்னோக்கிப் பரவுவதால் நீர் வெளியே கசிந்து திசுக்களில் தேங்குகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளிவிடுவதால் அந்த அழுத்தம் பெருமளவு குறைந்துவிடுகிறது. இயந்திரம் செய்வது இந்தத் தள்ளும் வேலையைத்தான். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்தது. அந்த நாற்காலியும் இடையிடையே நாலு எட்டு நடக்க அனுமதியும் கிடைத்தால் இந்தச் செலவில் பாதி மிச்சம் என்பது என் எண்ணம்.

இனிப் பெட்டியின் வாசகத்துக்கு வருவோம். ‘உறங்கும் தந்துகிகளைத் திறந்து தசைக்கு இரத்தத்தைப் பலமடங்கு பாய்ச்சும்’ என்கிறது அது. உறங்கும் தந்துகிகள் என்ற கருத்துக்கு மதிப்புள்ள ஒரு வரலாறு உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் குரோக், உயிருள்ள விலங்குகளின் இரத்தத்தில் மையைச் செலுத்தி, ஓய்விலிருந்த தசையில் சில தந்துகிகளே திறந்திருப்பதையும் உழைத்த தசையில் மிகப் பல திறந்திருப்பதையும் எண்ணிக் காட்டி, 1920இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் பின்னாளில் உயிருள்ள தசையையே நுண்ணோக்கியில் நேராகப் பார்த்தவர்கள், ஓய்விலும் பெரும்பாலான தந்துகிகளில் சிவப்பணுக்கள் மெல்ல ஊர்ந்துகொண்டுதான் இருக்கின்றன என்றும், உழைப்பின்போது அவற்றின் வேகமும் எண்ணிக்கையுமே முக்கியமாகக் கூடுகின்றன என்றும் கண்டார்கள்.

அதைவிட முக்கியமான செய்தி, இந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது தந்துகியே அல்ல என்பதுதான். சிவப்பணுவே உடலை வளைத்துக்கொண்டு நுழைய வேண்டிய அளவுக்கு, 5 முதல் 8 மைக்ரான் வரை மட்டுமே அகலமுள்ள அந்தக் குழாயின் சுவரில், குழாயைச் சுருக்கி விரிக்கும் வழுவழுப்பான தசை கிடையாது. அதற்கு முன்னால் இருக்கும் கடைசி நுண்தமனியில், அதாவது தந்துகிக்கு இரத்தம் கொண்டுவரும் சிறு குழாயில்தான் அந்தத் தசை இருக்கிறது. தெருமுனை வால்வைத் திறந்தால் தெருவிலுள்ள எல்லாக் குழாய்களிலும் ஒன்றாகத் தண்ணீர் வருவதுபோல, ஒரு நுண்தமனி விரிந்தால் அதைச் சார்ந்த தந்துகிக் கூட்டம் முழுவதற்கும் ஓட்டம் கூடுகிறது. அந்த நுண்தமனிக்கு உத்தரவு தருவது உழைக்கும் தசையே. தசை சுருங்கத் தொடங்கிய ஓரிரு நொடிகளுக்குள், வெளியேறும் பொட்டாசியம், அடினோசின், கார்பன் டை ஆக்சைடு, குழாயின் உட்சுவரிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு எனப் பல சேர்ந்து அதை விரிக்கின்றன; அந்தச் செய்தி உட்சுவர்ச் செல்கள் வழியாக மின்னூட்ட மாற்றமாக மேலேறி, ஊட்டும் தமனியையும் விரிக்கிறது. உடம்பின் மற்றப் பகுதிகளில் குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்பின் (நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் நரம்பு) ஆணைகூட உழைக்கும் தசையில் பாதி பலித்தும் பாதி பலிக்காமலும் போகிறது. ஓய்வில் 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்கு 3, 4 மில்லிலிட்டராக இருக்கும் ஓட்டம், கடும் உழைப்பில் 50 முதல் 100 வரையும் அதற்கு மேலும் உயர்வது இப்படித்தான். நாற்காலியில் சாய்ந்து தொலைக்காட்சி பார்க்கும் ஒருவரின் தசை இப்படி எதையும் கேட்பதில்லை.

பெட்டி முழுப்பொய் சொல்கிறது என்றும் சொல்ல முடியாது. தசையை வெளியிலிருந்து சட்டென்று அழுத்தி விட்டாலே சில நொடிகளுக்கு இரத்த ஓட்டம் கூடுவது சோதனைகளில் காணப்பட்ட ஒன்று. சிரை காலியாவதால் தமனிக்கும் சிரைக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு கூடுவதும் அதற்குத் துணை செய்யும். ஆனால் அது வந்த வேகத்தில் அடங்கிவிடும். தசையில் தந்துகிகளின் அடர்த்தி நிலையாகக் கூட வேண்டுமானால், வாரக்கணக்கில் நடை, மிதிவண்டி, நீச்சல் என்று தசைக்கு வேலை கொடுப்பதற்கு மாற்று இல்லை. அக்காவும் இப்போது பேருந்தில் வருவதை விட்டு வண்ணாரப்பேட்டையிலிருந்து வீடு வரை நடந்தே வருகிறாள். இயந்திரத்தை அதற்குப் பிறகுதான் போட்டுக்கொள்கிறாள்.

கடையைப் பற்றி எனக்குள்ள குறை ஒன்றே. “யாருக்கு வேணும்னாலும் போடலாம் சார், பக்கவிளைவே கிடையாது” என்று விற்றார்கள். யார் காலுக்கு என்று ஒரு கேள்விகூட இல்லை. ஆழ்சிரையில் இரத்தம் உறைந்தவர்களுக்கும், இதயச் செயலிழப்பு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், கால் தமனி கடுமையாகச் சுருங்கியவர்களுக்கும் இது ஆகாது. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அழுத்தம் மிஞ்சுவதே தெரியாது. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றதும் விட்டுவிடுகிற வலி இருந்தால் அது தமனிச் சுருக்கத்தின் அடையாளமாக இருக்கலாம். கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய சோதனையை முதலில் செய்துகொள்ள வேண்டும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்கக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலும் அப்படியே.

மற்றபடி கடைக்காரர்கள் பொறுமையாக உறையை மாட்டிக் காட்டி, தொடைச் சுற்றளவை அளந்து சரியான அளவைத் தந்தார்கள். உத்தரவாதம் ஓராண்டு, ஆனால் மோட்டாருக்கு மட்டும். முதலில் பழுதாவது உறையும் குழாய் இணைப்பும்தான் என்பதால், அவை தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்பதைப் பில் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.