ஆர்க்கிடெக்ட் வைத்து வீடு கட்டினோம், கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது?

வீடு கட்டப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "ஆர்க்கிடெக்ட் அவசியமா, காண்ட்ராக்டரே பிளான் போட்டுத் தருகிறேன் என்கிறாரே?" நான் இரண்டு விதமாகவும் கட்டிப் பார்த்துவிட்டேன். முதல் வீடு காண்ட்ராக்டர் கொடுத்த பிளானில், இரண்டாவது வீடு ஒரு கட்டடக் கலைஞரை முறையாக அமர்த்தி. இரண்டாவது வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது, புது வீட்டு மயக்கமெல்லாம் தெளிந்த பிறகுதான் எழுதுகிறேன். குறைகளும் சொல்லப்போவதால் அவர் பெயர் வேண்டாம்.

முதல் வீட்டின் படிக்கட்டிலிருந்து தொடங்குகிறேன். அங்கே முதல் படி 5 அங்குலம், நடுவில் உள்ளவை எல்லாம் 7, கடைசிப் படி மட்டும் 9. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, கான்கிரீட் போட்டபோது எல்லாப் படியும் 7 அங்குலமாகத்தான் இருந்தது. பிறகு கீழ்த்தரையிலும் மாடித்தரையிலும் கலவையும் டைல்ஸுமாகச் சேர்ந்து 3 அங்குலம் ஏறியது, படிகள் மேல் ஒட்டிய கல்லோ 1 அங்குலம்தான் ஏறியது. அந்த 2 அங்குலம் கீழே ஒரு படியைக் குட்டையாக்கி மேலே ஒரு படியை உயர்த்திவிட்டது. நாலு படி ஏறியதுமே கால் ஒரு அளவைப் பழகிக்கொள்கிறது, அப்புறம் நாம் கீழே பார்ப்பதே இல்லை. அம்மா அந்தக் கடைசிப் படியில் மூன்று தடவை தடுக்கி விழுந்தார், ஒரு தடவை மணிக்கட்டு முறிந்தது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதியில், ஒரே படிக்கட்டின் படிகளுக்குள் 3/8 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்று இருக்கிறது, அதாவது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. எங்கள் வீட்டில் 4 அங்குலம்.

இரண்டாவது வீட்டில் இதே படிக்கட்டுக்கு ஆர்க்கிடெக்ட் தனியாக ஒரு வரைபடமே கொடுத்தார். அதற்கு முன்பே எந்தத் தரைக்கு எந்தக் கல், அதன் கனம் என்ன, அடியில் கலவை எவ்வளவு என்று எங்களை உட்காரவைத்து முடிவெடுக்கச் சொன்னார். அஸ்திவாரமே தோண்டவில்லை, இப்போது எதற்கு டைல்ஸ் பேச்சு என்று எனக்கு எரிச்சல். காரணம் பிறகு புரிந்தது. கீழே டைல்ஸ் போட்டு முடித்த தரையிலிருந்து மேலே முடித்த தரைவரை 130 அங்குலம், அதை 20 படியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 6½ அங்குலம், மிதிக்கும் அகலம் 11 அங்குலம். படி உயரத்தை இரண்டு மடங்காக்கி மிதிக்கும் அகலத்தைக் கூட்டினால் மனிதனின் ஒரு காலடி அளவு வரவேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சுவா புளொண்டல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் சொல்லியிருக்கிறார், இன்று அதை 24, 25 அங்குலம் என்று வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் படியில் 13ம் 11ம் சேர்ந்து 24. அம்மா இப்போது கைப்பிடியைத் தொடாமல் ஏறி இறங்குகிறார்.

முதல் சந்திப்பில் ஆர்க்கிடெக்ட் பென்சிலையே எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் கேள்விதான். "அம்மா, காலையில எழுந்ததும் முதல்ல எங்கே போவீங்க?", "ஐயா, பேப்பர் எங்கே உட்கார்ந்து படிப்பீங்க?", துவைத்த துணி எங்கே காயும், வீட்டில் யார் லேசாகத் தூங்குபவர், பத்து வருடம் கழித்து இந்த வீட்டில் எத்தனை பேர் இருப்பீர்கள். முதல் வீட்டுக்கு காண்ட்ராக்டர் கேட்டது இரண்டே கேள்வி, எத்தனை பெட்ரூம், எத்தனை பாத்ரூம். அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவருடைய வேலை கட்டுவது, அதை நன்றாகவே செய்தார். ஆனால் எப்படி வாழ்வோம் என்று யாருமே யோசிக்காமல் அந்த வீடு எழும்பிவிட்டது.

மனைக்கு வந்தபோதும் ஆர்க்கிடெக்ட் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்தார். மேற்கு வெயில்தான் அவருக்குப் பெரிய கவலை. உச்சி வெயிலை ஜன்னல் மேலே நீட்டிய சன்ஷேடு தடுத்துவிடும், சாயங்கால வெயில் தாழ்ந்து நேராக முகத்தில் அடிக்கிற மாதிரி வரும், அதற்கு மேலே என்ன நீட்டினாலும் பயனில்லை. அதனால் படிக்கட்டு, பாத்ரூம், சாமான் அறை மூன்றையும் மேற்குப் பக்கம் வரிசையாக வைத்து, படுக்கையறைகளை அவற்றின் மறைவில் தள்ளினார். தனியாக ஒரு செலவும் இல்லை. அதே சுவர், அதே செங்கல், இடம் மட்டும் மாறியது.

காற்றுக்கும் இதே கதை. ஒரே சுவரில் இரண்டு பெரிய ஜன்னல் வைப்பதைவிட எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொன்று வைத்தால் காற்று உள்ளே வந்து வெளியேற வழி கிடைக்கும். வெளிச்சத்துக்கு அவர் சொன்ன கைக்கணக்கு, ஜன்னலின் மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே எட்டும் என்பது. 7 அடி உயரத்தில் ஜன்னல் முடிந்தால் 14, 17 அடிவரை. எங்கள் பழைய ஹால் 24 அடி நீளம், ஜன்னல் ஒரு பக்கம் மட்டும். பகலிலும் ஏன் லைட் எரிந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் வராண்டா மாதிரி நீளும் அந்த நடைபாதை. பழைய பிளானில் 3 அடி அகலம், 30 அடி நீளம், மொத்தம் 90 சதுர அடி, ஒரு சின்ன அறையின் அளவு. அதற்கும் அஸ்திவாரம், ஸ்லாப், டைல்ஸ், பெயின்ட் எல்லாம் கொடுத்துத்தான் கட்டினோம், அதில் நடந்ததைத் தவிர வேறு எதுவும் செய்ததில்லை. புது வீட்டில் அறைகள் எல்லாம் ஹாலைச் சுற்றித் திறக்கின்றன, தனி நடைபாதையே கிடையாது. மொத்தப் பரப்பு பழைய வீட்டைவிடக் குறைவு, வருகிறவர்கள் எல்லோரும் பெரிய வீடு என்கிறார்கள்.

வடிவமைப்பு பாதியில் இருந்தபோது ஒரு நாள் மனையில் சுண்ணாம்புப் பொடியால் முழு பிளானையும் உண்மையான அளவில் தரையில் போட்டுக் காட்டினார். எங்கள் அறைக்குள் போய் நின்று, கட்டில் இடத்தில் நான்கு செங்கல் வைத்துவிட்டு அதைச் சுற்றி நடந்து பார்த்தோம். ஒரு பக்கம் இடிக்கிற மாதிரி இருந்தது. சுவரை ஒரு அடி தள்ளினோம், அதாவது பொடியைக் காலால் அழித்துவிட்டு வேறு கோடு போட்டோம். முதல் வீட்டில் இதே மாதிரி ஒரு சுவரைக் கட்டி முடித்த பிறகு உடைத்தோம், இடிபாடு அள்ளவே இரண்டு நாள் ஆனது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது கீழ்த்தளத்துப் பாத்ரூம். கதவு 3 அடி அகலம், வாசலில் படி இல்லை, உள்ளே சக்கர நாற்காலி திரும்புகிற மாதிரி 5 அடிக்கு 5 அடி காலி இடம். எதற்கு இவ்வளவு என்று வாதாடினேன், அவர் விடவில்லை. குடிவந்த அடுத்த வருடமே அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, ஆறு வாரம் வாக்கர். யாரையும் கூப்பிடாமல் தானே போய் வந்தார். அதில் அப்பாவுக்கு எவ்வளவு நிம்மதி என்பது எனக்குத்தான் தெரியும்.

சரி, குறைகள். வடிவமைப்புக்கே நாலரை மாதம் எடுத்தார், மூன்று என்றுதான் பேச்சு. மின்சார வரைபடம் தாமதமாக வந்ததால் இரண்டு அறைகளில் பூசிய சுவரை வெட்டிக் குழாய் பதிக்க வேண்டியதாயிற்று, சுவிட்சு கதவுக்குப் பின்னால் போகாமல் இருக்கத்தான் அந்த வரைபடமே, அதுவே நேரத்துக்கு வரவில்லை என்றால் என்ன செய்வது. படிக்கட்டுக்கு மேலே கண்ணாடிக் கூரை அழகாக இருக்கும் என்று அவர் பிடிவாதமாக வைத்தார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைத் துடைக்க ஒவ்வொரு முறையும் சாரம் கட்ட வேண்டியிருக்கிறது. நான் அப்போதே மறுத்திருக்க வேண்டும். மேஸ்திரிக்கும் அவருக்கும் ஆரம்பத்தில் ஒத்துவரவில்லை, நடுவில் நான்தான் மாட்டிக்கொண்டேன்.

கட்டணம் பற்றி இரண்டு விஷயம். சிலர் மொத்தக் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று வாங்குகிறார்கள், சிலர் ஒரே தொகையாகப் பேசுகிறார்கள். சதவீதம் என்றால் செலவு ஏறினால் அவர் கட்டணமும் ஏறும், அதனால் நாங்கள் தொகையாகப் பேசினோம், எனக்கு அதுதான் சரியாகப் பட்டது. இரண்டாவது, அந்தத் தொகைக்குள் என்னவெல்லாம் வரும் என்று எழுதி வாங்குங்கள். அனுமதிக்குக் கொடுக்கும் பிளான் வேறு, மேஸ்திரி கையில் வைத்துக் கட்டும் விரிவான வேலை வரைபடங்கள் வேறு. கம்பி, பீம், தூண் கணக்கு ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயருடையது, அவர் கட்டணம் சேர்த்தியா தனியா என்று கேளுங்கள். சைட்டுக்கு எத்தனை முறை வருவார் என்று நாங்கள் எழுதி வாங்கவில்லை, கடைசி இரண்டு மாதம் அவரைப் பார்க்கவே முடியவில்லை.

முன்பக்கம் அழகாக இருக்கவேண்டும், அதற்குத்தான் ஆர்க்கிடெக்ட் என்று நினைப்பவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம், அதற்கு ஒரு எலிவேஷன் படம் போதும். சின்ன மனை, கோணலான மனை, வயதானவர்கள் இருக்கும் வீடு, கையிருப்பு அளவான குடும்பம் என்றால் கட்டாயம் வையுங்கள் என்பேன். பணம் நிறைய இருப்பவர்கள் தப்பை இடித்துவிட்டு மறுபடி கட்டிக்கொள்வார்கள், நம்மால் முடியாது. இத்தனை குறை சொன்ன பிறகும் மூன்றாவது வீடு கட்டினால் அவரிடமே போவேன், மின்சார வரைபடத்துக்குத் தேதி எழுதி வாங்கிக்கொண்டு.

போன மாதம் மாடிப் பாத்ரூம் சுவரில் ஈரம் தெரிந்தது. பிளம்பர் வந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்து, எங்கே உடைப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றார். பீரோவில் சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை எடுத்து விரித்தேன். மூலையிலிருந்து 2 அடி 4 அங்குலம், தரையிலிருந்து 3 அடி என்று இருந்தது. டேப் பிடித்துக் குறித்தார், ஒரே ஒரு டைல்ஸைக் கழற்றினார், உள்ளே அதே இடத்தில் கசிந்துகொண்டிருந்த இணைப்பு இருந்தது.